மண்ணின் விளைவும் மடியின் காசும்

“நம் மண்ணில் விளைந்ததையே உண்ணுங்கள்! அயலான் பண்டத்தை அடுக்களைக்குள் விடாதீர்கள்! முன்னோர் உணவே முழு உணவு!” மேடையிலே முழங்குகிறார்கள், சுவரிலே எழுதுகிறார்கள், பளபளக்கும் கடைகளில் பைகளின் மேல் அச்சிட்டு விற்கிறார்கள். செவிக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. கேட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குச் செல்கிறோம். அங்கே சாமை இருக்கிறது, தினை இருக்கிறது, மரச்செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: அவற்றை வாங்கும் காசு, நம் மடியிலே!

படிப்பகத்தில் ஒரு மாலை இதுபற்றிப் பேச்செழுந்தது. நூற்பாலையில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர், அதிகம் பேசாதவர், ஏட்டை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: “நியாயவிலைக் கடையில் இருபத்தைந்து ரூபாய்க்குப் பாமாயில் வாங்குகிறேன். அது மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ கப்பலேறி வந்தது என்கிறார்கள். ஊரிலே என் தம்பி நிலக்கடலை பயிரிட்டுவிட்டு விலை கிடைக்காமல் விழிக்கிறான். அவன் கடலையை ஆட்டிய எண்ணெயை வாங்க எனக்கு வக்கில்லை. நான் செய்வது குற்றமா?”

சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. தத்துவம் பேசும் பண்டிதர்கள் தடித்த நூல்களிலே தேடும் கேள்வி அது. ஒருவன் உண்ணும் கவளத்திலே அறம் இருக்கிறதா? இருக்குமானால், அந்த அறம் காசுள்ளவனுக்கும் காசற்றவனுக்கும் ஒன்றுதானா? பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்ளும் நாம், கேள்வியைக் கண்டு ஓடுபவர் அல்லவே! உட்கார்ந்து பார்ப்போம்.

முதலில், ‘நம் மண்ணின் உணவு’ என்ற சொற்றொடரையே தட்டிப் பார்க்க வேண்டும். எதையும் தட்டிப் பார்த்து வாங்கு என்பதுதானே ஈரோடு நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம்!

காரம் இல்லாத தமிழ்க் குழம்பு உண்டா? ஆனால் மிளகாய் நம் மண்ணில் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்ச்சுகீசியர் கப்பல்கள் நம் கரைக்கு வந்த பிறகே இங்கு வந்தது. அதற்குமுன் நம்மவர்க்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காய்க்குப் பெயர் வேண்டுமே. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று ‘மிளகாய்’ எனப் பெயரிட்டு வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டான் தமிழன். தக்காளியும் உருளையும் அங்கிருந்து வந்தவை. கொய்யா, பப்பாளி, அன்னாசி, முந்திரி, மரவள்ளி எல்லாம் அவ்வழியே வந்த விருந்தாளிகள். நம் தோழரின் தம்பி பயிரிட்டாரே நிலக்கடலை, அதன் தாயகமும் தென் அமெரிக்காதான்!

“போகட்டும், கேழ்வரகும் கம்பும் சோளமுமாவது நம் பாட்டன் சொத்து அன்றோ?” என்பீர்கள். பாட்டன் உண்டது உண்மை. ஆனால் அவன் பாட்டனுக்கும் பாட்டன் அவற்றை எங்கிருந்தோ வாங்கித்தான் விதைத்திருக்கிறான். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் மக்கள் பழக்கிய பயிர். கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துப் பயிர். சோளமும் ஆப்பிரிக்காவில் பிறந்ததே. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து, நம் செம்மண்ணிலும் கரிசலிலும் வேர் பிடித்து, நம்மவர் ஆகிவிட்டன. இதிலே வேடிக்கை என்னவெனில், துவரை இந்தியாவில் பிறந்த பயறு; இன்று நம் சாம்பாருக்கான துவரம்பருப்பில் ஒரு பகுதி மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்க மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலில் வருகிறது. ஆப்பிரிக்கன் நமக்குக் கேழ்வரகைத் தந்தான்; நாம் தந்த துவரையை இன்று அவன் விளைத்து அனுப்புகிறான். இதிலே எது நாட்டு உணவு, எது அயல் உணவு?

எனவே ‘நம் மண்’ என்பதைப் புனிதச் சொல்லாக்கி, அதன் முன் சூடம் கொளுத்த நாம் ஆயத்தமாக இல்லை. மண்ணுக்குப் புனிதம் கற்பிப்பவன் அடுத்து என்ன செய்வான் என்பது நமக்குத் தெரியும். மண்ணிலிருந்து பிறப்புக்குத் தாவுவான். பிறப்பிலிருந்து பந்திக்கு வருவான். ‘நீ அந்த வரிசை, நான் இந்த வரிசை’ என்பான்.

சேரன்மாதேவியை மறந்துவிட்டோமா? வெள்ளையன் கல்விக்கு மாற்றாக நாட்டுக் கல்வி தருகிறோம் என்று வ. வே. சு. ஐயர் அங்கே குருகுலம் நடத்தினார். காங்கிரசின் பணமும் அதற்குச் சென்றது. சுதேசியத்தின் கோட்டை! ஆனால் பார்ப்பனப் பிள்ளைக்கு ஓர் இடத்தில் சோறு, மற்றப் பிள்ளைக்கு வேறோர் இடத்தில் சோறு. 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டையே உலுக்கிய அந்த வழக்கிலே, அரிசி எந்த ஊரில் விளைந்தது என்று எவரும் கேட்கவில்லை. எவனோடு எவன் உட்கார்ந்து உண்பது என்பதே கேள்வி. அந்தக் கேள்வி செத்துவிட்டதா? 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலே, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அம்மையார் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதிக்காரர் சிலர் கிளம்பினார்கள். சமைத்தவரும் அந்தப் பக்கத்தவர், உண்ண வேண்டிய பிள்ளைகளும் அந்தப் பக்கத்தவர். ‘உள்ளூர்’ என்பது மட்டும் உணவுக்கு அறத்தைத் தந்துவிடுவதாயிருந்தால், அங்கே அறம் பொங்கி வழிந்திருக்க வேண்டும்!

இன்னொன்றும் கவனியுங்கள். ‘பாரம்பரிய உணவு’ என்று பட்டியல் போடுகிறார்களே, அந்தப் பட்டியலை வாங்கிப் படித்துப் பாருங்கள். தினைப் பாயசம் இருக்கும், வரகுப் பொங்கல் இருக்கும். கருவாடு இருக்காது. நத்தை இருக்காது. மாட்டிறைச்சி இருக்கவே இருக்காது. சேரியிலும் கடற்கரைக் குப்பத்திலும் தலைமுறை தலைமுறையாக உண்டு உயிர் வளர்த்த உணவு, குறைந்த காசில் புரதம் தந்த உணவு, இந்த மண்ணின் உணவு இல்லையாம்! அப்படியானால் பட்டியலைப் போட்டது நாவா, நூலா? முப்புரி நூல்தான் என்று ஐயுறுகிறோம்.

பெண்ணின் கையையும் பார்க்க வேண்டும். “அந்தக் காலத்தில் பாட்டி சாமைச் சோறு போடுவாள்” என்று உருகுகிறவர்கள், பாட்டியின் உள்ளங்கையைத் தடவிப் பார்த்ததுண்டா? கேழ்வரகு, கம்பு, சோளம் போன்றவற்றுக்குக் கெட்டியான உமி கிடையாது. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவை அப்படி அல்ல; உமி மணியை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். வரகோ எல்லாவற்றிலும் முரடு. உரலிலிட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைத்து, அதன்பிறகே அடுப்பு. வயலிலே நடவும் களையும் முடித்து வந்தவள், விளக்கு வைத்தபின் உலக்கையைப் பிடித்தாள். நியாயவிலைக் கடையில் தீட்டிய அரிசி வந்ததும் உலக்கையை மூலையில் சாய்த்தாளே, அதை ‘மரபை மறந்த குற்றம்’ என்றா எழுதுவது? விடுதலை என்றல்லவா எழுத வேண்டும்! ஏழைக்கு நெருக்கடி காசிலே மட்டுமில்லை, நேரத்திலும் உண்டு. இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கொள்ளை ஊறவைத்து வேகவைக்கும் நேரமும் செலவுதான், எரிவாயுவும் செலவுதான்.

இத்தனையும் சொல்வதால், உள்ளூர் உணவு என்ற கருத்தே உதவாக்கரை என்று நாம் முடிவு கட்டிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். புனிதத்தைத்தான் உரித்துப் போட்டோம். உரித்தபின் உள்ளே ஏதாவது மணி இருக்கிறதா என்று பார்ப்பதே நேர்மை.

‘தொலைவிலிருந்து வரும் பண்டத்தால் காற்று கெடுகிறது’ என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. பெரும்பாலான உணவுகளில், வண்டியிலும் கப்பலிலும் வருவதால் விளையும் கேட்டைவிட, அவை எப்படி விளைவிக்கப்பட்டன என்பதால் வரும் கேடே மிகுதி. நீர் தேங்கி நிற்கும் நம் நெல்வயலும் மீத்தேன் வளியை வெளிவிடத்தான் செய்கிறது. நம் ஊர் வயல் என்பதற்காக வளிமண்டலம் சலுகை காட்டாது.

அப்படியானால் மிஞ்சி நிற்கும் காரணம் எது? உழவன். அவன் நம் கண்ணெதிரே இருக்கிறான். அவனுக்கு விலை கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் நம் கைக்கு எட்டும் தொலைவில் நடக்கிறது. அறுவடை நாளில் தக்காளியைப் பறிக்கும் கூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறானே, அதே திங்களில் அடுத்த நகரத்துப் பெண் அரைக் கிலோ தக்காளிக்குக் கணக்குப் பார்க்கிறாளே, இந்த இருவருக்கும் நடுவில் இருப்பது என்ன என்று கேட்பதற்கு நமக்கு மண்ணின் மேல் பக்தி தேவையில்லை. மனிதன்மேல் அக்கறை இருந்தால் போதும். இந்த ஒரு காரணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

செல்லும்போதே வரலாறு வந்து வழிமறிக்கிறது. உள்ளூரில் விளைந்ததை உள்ளூரான் உண்ண வேண்டும் என்பது நெறியானால், அந்த நெறியை முதலில் மீறியவன் ஏழையா?

1876-இல் தொடங்கி மூன்றாண்டு வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை எண்ணிப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நிவாரண வேலைக்கு வந்த எலும்புக்கூடுகளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, அதன் மேல் சில்லறைக் காசு போதும் என்று கணக்குப் போட்டார் ரிச்சர்டு டெம்பிள் என்னும் வெள்ளை அதிகாரி. அதே ஆண்டுகளில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கோதுமையும் அரிசியும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. மறுபுறம், மழை பொய்த்த மாவட்டங்களுக்கு வங்கத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசிதான் கதி. ஊர் விளைச்சலை மட்டுமே நம்பியவன், ஊர் வானம் பொய்த்தால் சாவான். அயலூர் அரிசி வந்தாலும், வாங்கக் காசில்லாதவன் அப்போதும் சாவான். மண்ணைவிடக் காசுதான் அன்று உயிரைத் தீர்மானித்தது.

காவிரிப் படுகைக்கு வாருங்கள். தஞ்சை நெல்லை நட்டவன் யார், அறுத்தவன் யார்? பண்ணையாளாகக் கிடந்த தாழ்த்தப்பட்ட உழவுத் தொழிலாளி. அவன் கண்முன் விளைந்ததைவிட உள்ளூர் உணவு ஒன்று உண்டா? அதிலே அரைப்படி நெல் கூலியாகக் கூடுதல் கேட்டான். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நான்கு உயிர்கள், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், தீயிலே கருகினர். அப்போது நாட்டை ஆண்டது நம் இயக்கம். அதைச் சொல்லாமல் தாண்டிப் போக நமக்கு உரிமையில்லை. விளைந்த இடத்திலேயே விளைவித்தவன் உண்ண வேண்டும் என்பதை முழக்கமாக எழுதாமல், கூலியாகக் கேட்டவர்கள் அவர்கள். கேட்டதற்குக் கிடைத்த விடை நெருப்பு.

ஆகவே, “ஏழையே, உள்ளூர் உணவை உண்டு அறத்தைக் காப்பாற்று” என்று இன்று மேடையில் நின்று கூறுபவரிடம் நாம் முதலில் கேட்பது: “ஐயா, இந்த அறத்தை நீங்கள் எந்த முகவரிக்கு அனுப்புகிறீர்கள்?”

செய்ய இயலாததைச் செய் என்று ஒருவனுக்குக் கடமை விதிக்க முடியாது. செருமானிய அறிஞர் காண்ட் பெயரால் வழங்கும் நெறி இது. நம் பாட்டி பெயராலும் வழங்கலாம், அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள். இருபத்தைந்து ரூபாய் எண்ணெயை விட்டுவிட்டு, அதைப்போல் பல மடங்கு விலையுள்ள எண்ணெயை வாங்கு என்று நூற்பாலைத் தோழரிடம் சொல்வது, ‘உன் பிள்ளையின் பால் காசை எடுத்து என் கொள்கைக்குக் கொடு’ என்பதற்கு ஒப்பாகும். அவர் குற்றவாளி அல்லர். இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் தோழர் அதோடு விடவில்லை. “நான் குற்றவாளி இல்லை, சரி. அதற்காக என் தம்பிக்கு விலை கிடைத்துவிட்டதா?” என்றார். நியாயமான கேள்வி. ஒருவன் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டால் மட்டும் கேடு நீங்கிவிடாது. ஏழையை விடுவித்த கையோடு, ‘அவன் எதைப்பற்றியும் எண்ண வேண்டாம்’ என்று தட்டிக்கொடுப்பது இன்னொரு வகை இழிவு. சிந்திப்பதும் தேர்ந்தெடுப்பதும் பணக்காரன் சொத்து என்று ஒப்புக்கொடுப்பதாகும் அது.

எனவே வாங்குபவனை விட்டுவிட்டு, விலையை உண்டாக்குபவனைப் பார்ப்போம்.

பாமாயில் இருபத்தைந்து ரூபாய்க்குக் கிடைப்பது இயற்கை விதியா? இல்லை. 2007-இலிருந்து தமிழக அரசு சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பையும் பாமாயிலையும் தன் கருவூலத்திலிருந்து ஈடு கொடுத்துத் தருகிறது, அதனால் கிடைக்கிறது. நல்ல திட்டம், எத்தனையோ அடுப்புகள் அதனால் எரிகின்றன. அந்த ஈட்டில் ஒரு பங்கையாவது கடலெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் திருப்புங்கள் என்று உழவர் அமைப்புகள் கேட்டு வருகின்றன. செலவு கூடும் என்பது மெய், கொஞ்சமாகக் கூடாது. ஆயினும் தோழருக்கும் அவர் தம்பிக்கும் நடுவே கிடக்கும் பள்ளம், தோழரின் சட்டைப்பையால் தூர்க்கக்கூடியதன்று. அரசின் கருவூலத்தால்தான் தூர்க்க முடியும்.

முடியுமா என்று கேட்பவர்க்கு, முடிந்ததைக் காட்டுவோம். 1920-இல் நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு கொடுத்தது. 1956-இல் காமராசர் அதை நாட்டுக்கு விரித்தார், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாகப் பெருக்கினார், 2022-இல் காலை உணவும் வந்தது. 1967-இல் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்றார். சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். பணமுடை குறுக்கிட, நாடு முழுதும் கொண்டுபோக முடியவில்லை. 2008-இல் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ. 2011-இலிருந்து விலையே இல்லை. நாற்பத்து நான்கு ஆண்டு ஆயிற்று, ஒரு முழக்கம் முழுமை அடைய! நம் வீட்டுக்கு வரும் அந்த அரிசியில் ஒரு பங்கு, காவிரிப் படுகையின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நம் உழவனிடம் வாங்கியது. மறு பங்கு நடுவண் தொகுப்பிலிருந்து வருவது. ஆக, காசே இல்லாமல் உள்ளூர் உணவு உண்ணும் வழியை இந்த நாட்டில் மெய்யாக்கியது எவருடைய மரபுப் பெருமையும் அன்று. வாக்குச் சீட்டும் கொள்முதல் நிலையமும் பங்கீட்டு அட்டையுமே.

சிறுதானியத்துக்கும் இதே கதைதான். புழுங்கலரிசியின் விலையைக் கேட்டுவிட்டு, அடுத்த கடையில் சாமையின் விலையைக் கேளுங்கள். ஒன்றுக்கு இரண்டு சொல்வார்கள். மலையிலே, சவ்வாதிலோ கொல்லியிலோ, அதை விளைத்தவனுக்கு அவ்வளவா போகிறது? இல்லை. விளைச்சல் சிறிது, உமி நீக்கும் ஆலை ஊரில் இல்லை, மூட்டை கீழே இறங்கி, தரகன் கை மாறி, ஆலைக்குப் போய், அழகான பையில் அடைபட்டு வருவதற்குள் விலை வளர்ந்துவிடுகிறது. கொல்லிமலையில் சாமை விளைந்த சரிவுகளில் ஜவ்வரிசி ஆலைக்கான மரவள்ளி ஏறியதும் இதனால்தான். மரவள்ளிக்குக் கையில் காசு உடனே கிடைக்கும். ஊருக்கு ஒரு சிறு உமிநீக்கி வந்தால் பாட்டியின் உலக்கையும் வேண்டாம், தரகனின் பையும் வேண்டாம். 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே, அது சரியான திசை. உண்பவன் மரபுக்குத் திரும்பட்டும் என்று காத்திராமல், வாங்குவதை அரசு செய்தது. உண்பது தானே நடந்தது.

சரி, கருவூலம் திறக்கும் வரை தோழர் என்ன உண்பது?

இங்கேதான் நமக்கு ஒரு வியப்பு. கணக்குப் பார்க்கத் தொடங்கினால், விளம்பரம் பெற்ற உள்ளூர் உணவுதான் விலை மிகுந்தது. விளம்பரம் பெறாத உள்ளூர் உணவு இன்றும் மலிவு. கேழ்வரகு மாவு அரிசியோடு போட்டியிடும் விலையில்தான் இருக்கிறது. முருங்கைக்கீரைக்குப் பல ஊர்களில் விலையே இல்லை. அடுத்த வீட்டு அம்மாவிடம் ஒரு சொல் போதும். தட்டைப்பயறும் கொள்ளும் மொச்சையும் துவரையின் இடத்தைப் பாதி நாள்களுக்கு நிரப்பும். கடலோர நாட்டில் மத்தியும் நெத்திலியும் உண்டு. பெரிய மீனைக் கேட்பவர் பக்கத்தில் நின்று சிறிய மீனைக் கேட்பதற்குக் கூசாதிருந்தால் போதும். தை பிறந்தால் பனங்கிழங்கு. சுரையும் பூசணியும் பறங்கியும் பருவத்தில் கேட்பாரின்றிக் கிடக்கும். குப்பைக்கீரை என்று ஒரு கீரை இருக்கிறது. பெயரைப் பாருங்கள், குப்பைக்கீரை! ஏழை பறித்துத் தின்னும் கீரைக்குப் பெயரிலேயே இழிவு! மனிதனுக்கு மட்டுமா சாதி வைத்தான் இந்த நாட்டான்? தானியத்துக்கும் வைத்தான். நெல்லுச்சோறு மேலோனுக்கு, கூழ் கீழோனுக்கு. பல வீடுகளில் இன்றும் விருந்தாளி வந்தால் கேழ்வரகுக் களியை மறைத்துவிட்டு அரிசி உலை வைக்கிறார்கள். அந்தக் கூச்சத்தைக் கழற்றி எறிவதற்குக் காசு தேவையில்லை. சுயமரியாதை தேவை. திருமணத்தில் புரோகிதனை நீக்கத் துணிந்தவர்கள், பந்தியில் களியைப் பரிமாறத் துணியக் கூடாதா?

ஒன்று சொல்லியாக வேண்டும். இதை நாம் அறமாக ஆக்கவில்லை. களி உண்பவன் உயர்ந்தவன், பாமாயில் வாங்குபவன் தாழ்ந்தவன் என்று புதிய தீட்டு ஒன்றை நம் கையாலேயே உண்டாக்கிவிடக் கூடாது. இளைஞர் சிலர் அந்தப் பக்கம் சாய்வதைக் கண்டிருக்கிறோம். அடுத்தவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அதைச் செய்யத்தான் வேறொரு கூட்டம் மூவாயிரம் ஆண்டாக இருக்கிறதே, நாம் எதற்கு? வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே எழுதினார்; பசியறிந்து, அளவறிந்து, ஒத்துக்கொள்வதை உண் என்றார்; அது எந்த ஊரில் விளைந்தது என்று அவர் கேட்கவில்லை.

உழவர் சந்தைக்குப் போகலாம் என்பது படிப்பகத்தில் எழுந்த அடுத்த யோசனை. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் கலைஞர் தொடங்கி வைத்தது. இன்று மாநிலமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்டவை. தரகன் இல்லை, அடையாள அட்டை பெற்ற உழவரே தராசு பிடிக்கிறார், மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்று விலை எழுதித் தொங்கவிடுகிறார்கள். விற்பவனுக்கும் சற்று மிகுதி, வாங்குபவனுக்கும் சற்று மிச்சம். நாம் கேட்ட கேள்விக்குப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய விடை! குறையும் உண்டு: விடியலில் போனால்தான் நல்ல காய், இரவுப் பணி முடித்துத் தூங்குகிறவனுக்கு அது எட்டாது. சில ஊர்களில் சந்தை நகருக்கு ஒதுக்குப்புறம். பேருந்துக் கட்டணத்தில் மிச்சம் கரைந்துவிடும். நாலு வீடு சேர்ந்து முறை வைத்து ஒருவர் போய் வாங்கிவருவது என்று நம் தோழர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யார் வீட்டுக்கு எந்தக் காய் என்பதில் இரண்டு வாரம் சச்சரவு. கத்தரிக்காய் ஒரு வீட்டாருக்கு ஆகாது. மூன்றாம் வாரம் ஓடத் தொடங்கியது.

முறை வைத்தவர்களில் நூற்பாலைத் தோழரும் ஒருவர். போன ஞாயிறு அவர் முறை. சந்தை வாயிலுக்கு வெளியே, அட்டை பெறாத மூதாட்டி ஒருவர் சாக்கை விரித்துக் கீரை வைத்திருந்தாராம். கட்டு பத்து ரூபாய். தோழரின் கையில் நான்கு வீட்டுப் பணத்தில் பதினைந்து ரூபாய் மிச்சம். வேண்டியது இரண்டு கட்டு. “பதினைந்துக்கு இரண்டு கொடு பாட்டி” என்று வாய்வரை வந்துவிட்டதாம். பாட்டியோ வாடிய கட்டின்மேல் நீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவர் பெயரில் நிலமில்லை, குத்தகைக் கொல்லையில் பறித்தது, பேருந்துக்கே முப்பது ரூபாய் என்று பேச்சுவாக்கில் சொன்னாராம். கடையில் பேரம் பேசாமல் அச்சிட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்த மூதாட்டியிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம் என்பது அப்போதுதான் தனக்கு உறைத்தது என்றார் தோழர்.

“என்ன செய்தீர்கள்?” என்று கேட்டோம்.

“ஒரு கட்டு வாங்கினேன். நாலாய்ப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு ஒரு பிடி. என் வீட்டுக்காரி இதை வைத்து என்ன சமைப்பது என்று கேட்டாள். கூழில் போடச் சொன்னேன்” என்றார்.

மிச்ச ஐந்து ரூபாய் படிப்பகக் கணக்கில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு யார் முறையோ, அவர் அதை எடுத்துக்கொண்டு போவார்.